பனி கிடக்கும் மலையில் 40 மைல்: என்ன உடுத்துவது, எப்படி ஓடுவது?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலியில் வசிக்கிறேன். சாலை மாரத்தான் நான்கு முடித்திருக்கிறேன், கடைசியாக 4 மணி 10 நிமிடம். பிப்ரவரி கடைசியில் இதே மாநிலத்து மவுண்ட் மிட்சல் மலையில் நடக்கும் மவுண்ட் மிட்சல் சேலஞ்ச் 40 மைல் ஓட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மலையில் பனி இருந்தால் என்ன உடுத்த வேண்டும், ஷூவுக்கு ஸ்பைக் தேவையா, எவ்வளவு நேரம் ஆகும்?"

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. பாதை காய்ந்திருந்தால் உங்கள் வேகத்துக்கு எட்டு, எட்டரை மணி நேரம் ஆகலாம். பாதி தூரம் பனி கிடந்தால் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இந்தக் கூடுதல் நேரம் மெதுவான ஓட்டமாக வராது, நடையாக வரும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஓடும்போது உடம்பு எரிகிற அடுப்பு, மெல்லிய சட்டையே போதும். நடக்க ஆரம்பித்த கால் மணி நேரத்தில் அதே சட்டைக்குள் பல் தந்தியடிக்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஓடப்போகிற தங்களை நினைத்துத்தான் உடை எடுக்கிறார்கள். முப்பதாவது மைலில் தொடை செத்து நடக்கப்போகும் ஆள் ஒருவர் இருக்கிறார். பையில் இருப்பதெல்லாம் அவருக்கானது.

மலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவில் இதைவிட உயரமான சிகரம் இல்லை. 6,684 அடி, அதாவது 2,037 மீட்டர். ஓட்டம் தொடங்கும் பிளாக் மவுண்டன் ஊர் ஏறக்குறைய 2,400 அடியில் இருக்கிறது. பக்கத்து ஊரான மான்ட்ரீட் வழியாகக் காட்டுக்குள் ஏறி, பழைய சுங்கப் பாதையைப் பிடித்து, புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையை அடைந்து, அங்கிருந்து உச்சியைத் தொட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். பார்க்வேயோடு திரும்புகிறவர்களுக்கு மாரத்தான் தூரம். அதுவும் அதே நாளில் தனிப் போட்டியாக நடக்கிறது. சுங்கப் பாதை என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. நூறு வருடத்துக்கு முன் மரம் வெட்டி இறக்க ஒரு ரயில் ஓடிய தடம் அது. மரம் தீர்ந்த பிறகு 1922 வாக்கில் கார்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்கள். ரயில் ஏறிய சரிவு என்பதால் செங்குத்து இல்லை, ஆனால் கல் அதிகம். பனி இல்லாத நாளில் அந்தக் கற்கள் கண்ணுக்குத் தெரியும். பனி மூடிய நாளில் கணுக்கால்தான் கண்டுபிடிக்கும்.

ஊருக்கும் உச்சிக்கும் 1,300 மீட்டர் வித்தியாசம். அந்த உயரத்துக்கு வெப்பநிலை எட்டு, ஒன்பது டிகிரி செல்சியஸ் குறையும். ஊரில் 3 டிகிரியில் தூறல் போட்டால் மேலே -5 டிகிரியில் பனி கொட்டிக்கொண்டிருக்கும், காற்று வேறு. வட கரோலினா மாநிலத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இந்த மலையில்தான் பதிவானது. 1985 ஜனவரி 21 அன்று -34 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் -36.7 டிகிரி. அது ஜனவரி என்று ஆறுதல்பட்டுக்கொள்ள வேண்டாம். 1993 மார்ச் நடுவில் வந்த பெரும் புயல் இதே மலையில் 50 அங்குலப் பனியைக் கொட்டியது. மார்ச் பிறக்கப்போகிறது, வசந்தம் வந்துவிட்டது என்ற பேச்செல்லாம் கீழே ஊரில்தான் செல்லும்.

மலைக்குப் பெயர் கொடுத்த எலைஷா மிட்சல் ஒரு பேராசிரியர். எந்தச் சிகரம் உயரம் என்ற தகராறில் தன் அளவைச் சரிபார்க்க மறுபடி ஏறியவர் 1857 ஜூனில் ஓர் அருவியில் விழுந்து இறந்தார். உச்சியில் அவருடைய கல்லறை இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் ஒரு நொடி நின்று பாருங்கள். ஒரு நொடிதான், அதற்கு மேல் நின்றால் விறைத்துவிடும். இன்னொன்று: 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்தப் பக்கத்து ரோடுகளையும் காட்டுப் பாதைகளையும் சின்னாபின்னமாக்கிவிட்டது. பழைய ஓட்டக்காரர்கள் சொல்கிற பாதையை நம்பாமல், நீங்கள் ஓடும் வருடத்துக்கான வரைபடத்தையும் இடையில் வரும் நேர எல்லைகளையும் அமைப்பாளர்களிடமே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பனி. நம் ஊரில் "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். பிப்ரவரி கடைசி என்றால் மாசிதான், பழமொழியும் பொருந்தத்தான் செய்கிறது. சிக்கல் என்னவென்றால் புல்லில் நிற்கும் துளி, காலையில் கவியும் மூட்டம், வானத்திலிருந்து கொட்டும் ஸ்னோ எல்லாவற்றையும் நாம் பனி என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஓடுகிறவருக்கு அது போதாது. ஸ்னோவிலேயே நாலைந்து வகை உண்டு. குளிர்காலக் கடைசியில் அத்தனையும் ஒரே நாளில் காலடியில் வந்து போகும்.

நடுக்குளிர்காலத்தில் பனி பெய்தால் பெய்த இடத்திலேயே கிடக்கும், காலையும் மாலையும் ஒரே மாதிரி இருக்கும். பிப்ரவரி கடைசியில் பகலில் உருகும், இரவில் உறையும். நீங்கள் காட்டுக்குள் நுழையும் காலை வேளையில் முந்தைய நாள் உருகிய நீர் இறுகிப்போயிருக்கும். மலைப்பக்கத்திலிருந்து கசியும் ஊற்றுநீர் பாதைக்குக் குறுக்கே வழிந்து உறைந்து, பத்தடி அகலத்துக்குக் கண்ணாடி பதித்த மாதிரி நிற்கும். மேலே போகப் போக மரங்கள் மாறும். இலையுதிர்ந்த காடு போய் ஸ்ப்ரூஸ், ஃபிர் என்று இருட்டான ஊசியிலைக் காடு வரும், அதற்குள் பொடிப்பனி. பொடிப்பனி நல்லது, காலுக்கு மெத்தை மாதிரி. திரும்பி இறங்கும்போது மதியமாகிவிடும். காலையில் ஐஸாக இருந்த இடமெல்லாம் கூழ். கடைசி ஒரு மணி நேரம் வெயில் சாய்ந்துவிட்டால் அந்தக் கூழும் மறுபடி இறுக ஆரம்பிக்கும்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வகை ஒன்று உண்டு. மேலே அப்பளம், கீழே உப்புமா. மேற்பரப்பு உருகி உறைந்து ஓடு கட்டியிருக்கும், அடியில் மென்மையான பனி. கால் வைத்தால் ஒரு கணம் தாங்கும். அப்பாடா என்று எடையைப் போட்டதும் முழங்கால் வரை போய்விடும். உடைந்த ஓட்டின் விளிம்பு முன்காலைச் சிராய்க்கும். முழு உடம்பையும் வெளியே இழுத்து அடுத்த அடி வைத்தால் மறுபடி அதே கதை. பார்க்வே பக்கத்தில் காற்று பனியைக் குவித்து வைத்திருக்கும் இடங்களில் இது வரும். அங்கே வேகம் பற்றிப் பேசிப் பயனில்லை. முன்னால் போனவரின் குழியில் உங்கள் காலை வையுங்கள். அவர் உங்களைவிட நெட்டையாக இருந்தாலும் சரி.

ஸ்பைக் வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் முழு நேரமும் காலில் வேண்டாம். நான் சொல்வது மைக்ரோஸ்பைக் எனப்படும் வகை. நீளும் ரப்பர் பட்டையில் சங்கிலி கோத்து, பாதத்துக்கு ஒரு டஜன் சின்ன ஆணிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கட்டூலா நிறுவனத்தின் மாடல் எல்லோருக்கும் தெரிந்தது. ஜோடி முந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். இறுகிய பனியிலும் ஐஸிலும் இதுதான் கடவுள். கூழ்ப்பனியில் போட்டால் அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டு ஹைஹீல்ஸ் போட்ட மாதிரி ஆகிவிடும். வெறும் பாறையில் போட்டால் ஆணியும் மழுங்கும், கணுக்காலும் பிசகும். ஆகவே போடுவதும் கழற்றுவதுமாகத்தான் இருக்கும். வீட்டில் நின்றபடி, கையுறை போட்டபடி, ஒரு காலில் தடுமாறியபடி பத்து முறை போட்டுக் கழற்றிப் பழகுங்கள். குளிரில் ரப்பர் விறைத்துப்போய் வீட்டில் நீண்ட அளவுக்கு நீளாது. அதைப் போட உட்கார்ந்தால் பின்பக்கம் நனையும். நனைந்தால் என்ன ஆகும் என்று கீழே சொல்கிறேன்.

பனி கொஞ்சம்தான் இருக்கும் என்று வானிலை சொன்னால் மலிவான வழி ஒன்று உண்டு. காட்டுப் பாதையில் ஓடுவதற்கான பழைய டிரெயில் ஷூவின் அடியில், ரப்பர் தடிமனாக இருக்கும் ஓரங்களில், அறுகோணத் தலை உள்ள, அரை அங்குலத்துக்கும் குறைவான குட்டித் திருகாணிகளைப் பதிக்கலாம். ஆணியின் கூர்முனை அல்ல, தலையின் விளிம்புதான் ஐஸைப் பிடிக்கும். ஹார்ட்வேர் கடையில் ஒரு டப்பா வாங்கினால் ஊருக்கே பதிக்கலாம். நீளம் அதிகமானால் உள்ளே பாதத்தைக் குத்தும், பதித்ததும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

நீர் புகாத ஷூ வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். என் கருத்தில் வேண்டாம். கணுக்கால் வழியாகத் தண்ணீர் எப்படியும் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வராது, பத்து மணி நேரம் வாளிக்குள் கால் வைத்து ஓடுவது போலாகிவிடும். வலை வைத்த சாதாரண டிரெயில் ஷூ, மெரினோ கம்பளி சாக்ஸ், பனி உள்ளே விழாமல் தடுக்க ஷூவையும் சாக்ஸையும் மூடும் கெய்ட்டர், இது போதும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும். ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சீக்கிரம் விறைக்கும். விரல்களிலும் குதிகாலிலும் வாசலினைத் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள்.

உடைக்கு வருவோம். இதில் நான் பட்டதைச் சொன்னால் விளங்கும். முதல் தடவை ஓடியபோது தொடக்கத்தில் குளிர் அடிக்கிறதே என்று உள்ளே கம்பளிச் சட்டை, நடுவில் ஃப்ளீஸ், மேலே மழை ஜாக்கெட் என்று மூன்றும் போட்டுக்கொண்டேன். மான்ட்ரீட் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வியர்த்துக் கொட்டியது. நின்று கழற்றச் சோம்பல். பார்க்வே வந்தபோது முதுகு முழுக்க ஈரம், மரங்கள் விலகி, காற்று நேராக வந்து அறைந்தது. ஸ்பைக்கை எடுக்கப் பையின் ஜிப்பைப் பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன், விரலில் எதுவும் தெரியவில்லை. ஜிப்பின் இழுப்பான் அரிசி அளவுதான் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் நசுக்கிப் பார்த்தேன், பல்லால் கடித்துப் பார்த்தேன். உலோகம் உதட்டில் ஒட்டியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போராடியிருப்பேன், அதற்குள் தாடை ஆட ஆரம்பித்துவிட்டது. அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த வயதான அம்மாள் ஒருவர் ஒன்றும் பேசாமல் வந்து ஜிப்பைத் திறந்து, ஸ்பைக்கைக் கையில் கொடுக்காமல் குனிந்து காலிலேயே மாட்டிவிட்டு, ஒரு கோப்பை சூப்பைப் பிடிக்கவைத்துவிட்டுப் போனார். அன்று நான் உச்சிக்குப் போகவில்லை. அங்கேயே திரும்பிவிட்டேன்.

அதிலிருந்து இரண்டு வழக்கம் வந்தது. பையின் எல்லா ஜிப்பிலும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் கயிற்று வளையம் கட்டிவிடுகிறேன். அப்புறம், தொடக்கக் கோட்டில் லேசாக நடுங்கிக்கொண்டே நிற்கிறேன். முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். மேலிருந்து விழும் பனியாவது தட்டினால் போய்விடும். உள்ளிருந்து வரும் வியர்வையைத் தட்டிவிட முடியாது.

ஆகவே பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம், உள்ளாடை உட்பட. உடம்போடு ஒட்டிய மெல்லிய மெரினோ அல்லது சிந்தெடிக் சட்டை, அதற்கு மேல் உள்ளங்கைக்குள் மடங்கும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட். ஏற்றத்தில் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், மேலே போனதும் மூடுங்கள். காற்றைத் தடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், -10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது -20 டிகிரி மாதிரி. பைக்குள், பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி, இன்னொரு உலர்ந்த சட்டை, பஞ்சடைத்த மெல்லிய ஜாக்கெட், உலர்ந்த கையுறை, குல்லா. நடக்கப்போகும் ஆள் ஒருவர் என்றேனே, அவருடைய சாமான் இது. ஓட்டம் முழுக்க அதைத் தொடாமல் சுமந்து வந்தால் வீண் சுமை என்று நினைக்காதீர்கள், நல்ல நாள் அமைந்தது என்று அர்த்தம். கைக்கு ஐந்து விரல் கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் மேல். மெல்லிய கையுறை உள்ளே, மிட்டன் வெளியே. மேகமில்லாத நாள் என்றால் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அவசியம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை மேலே திருப்பி அனுப்பும். மூக்குக்கு அடியில், தாடைக்கு அடியில் எல்லாம் வெந்துபோவது அதனால்தான்.

தண்ணீர்ப் பையில் குழாய் இருந்தால் முதலில் உறைவது குழாய். குடித்து முடித்ததும் குழாயில் ஊதித் தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்புங்கள். நான் குழாயையே விட்டுவிட்டேன். இரண்டு பாட்டிலில் வெதுவெதுப்பான நீர், தலைகீழாகச் செருகியிருப்பேன். ஐஸ் மேலே இருந்துதான் பிடிக்கும், தலைகீழாக வைத்தால் மூடி பக்கம் திரவமாகவே இருக்கும். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அடிக்கடி வரும், ஆகவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். ஓட்டக்காரர்கள் சாப்பிடும் இனிப்பு ஜெல் பசை மாதிரி ஆகிவிடும், பேரீச்சம்பழம் கல், சாக்லேட் பட்டை செங்கல். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தேவையானதை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் மாற்றிக்கொண்டே வாருங்கள். மணிக்கு 200 முதல் 300 கலோரி போகாவிட்டால் அடுப்பு அணையும். நான் கடலை மிட்டாயைக் குண்டுமணி அளவுக்கு உடைத்து எடுத்துப் போகிறேன். வீட்டிலேயே கடினமாக இருக்கும் பண்டம் என்பதால் குளிர் அதை ஒன்றும் செய்வதில்லை. உதவி நிலையங்களில் சூடான சூப் இருந்தால் வாங்கிக் குடியுங்கள், குடித்துக்கொண்டே நடங்கள். அங்கே நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்திருக்காமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செல்போனையும் உள் பாக்கெட்டில் வையுங்கள். வெளியே வைத்தால் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும்.

ஓடும் முறைக்கு வருகிறேன். சாலையில் நீங்கள் பின்காலால் தரையைத் தள்ளி முன்னே போகிறீர்கள். பனியில் தள்ளினால் கால்தான் பின்னே போகும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். தள்ளாதீர்கள், தூக்கி வையுங்கள். அடி குறுகலாக, வேகமாக, பாதம் இடுப்புக்கு நேர் கீழே, முழுப் பாதமும் ஒன்றாகப் படும்படி. எட்டிப் போட்ட கால் வழுக்கினால் விழுவீர்கள். இடுப்புக்குக் கீழே வைத்த கால் வழுக்கினால் அடுத்த கால் தாங்கிக்கொள்ளும். முட்டியை லேசாக மடக்கியே வையுங்கள், தோளை இறுக்காதீர்கள். ஐஸ் பலகை வந்தால் அதன் மேல் திரும்பவோ பிரேக் போடவோ கூடாது. வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக, வாத்து மாதிரி நடந்து கடந்துவிடுங்கள். அதிலும் மேலே மெல்லிய நீர்ப்படலத்தோடு பளபளக்கும் ஐஸ்தான் மோசம். கடுங்குளிரில் காய்ந்து கிடக்கும் ஐஸ் அந்த அளவுக்கு வழுக்காது. பார்க்வேக்கு மேலே தார்ச்சாலை வரும் இடங்களில் கருப்பாகத் தெரிவது ஈரமா ஐஸா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஐஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கம்தான் பனியில் கிடைக்கும் ஒரே சந்தோஷம். பொடிப்பனியோ மெத்தென்ற கூழோ கணுக்கால் அளவுக்கு இருந்தால், குதிகாலை ஊன்றி லேசாகப் பின்னால் சாய்ந்து, வழுக்கலை எதிர்க்காமல் அதோடு போகலாம். காய்ந்த கல்லில் இறங்குவதைவிடத் தொடைக்கு நோவு குறைவு. இது பழக்கத்தில்தான் வரும், தயங்கி நிமிர்ந்து நின்றால் உட்கார்ந்துவிடுவீர்கள். ஊன்றுகோல் வைத்திருந்தால் அடியில் பனிக்கான அகலத் தட்டு மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோல் பிடிவரை புதைந்துவிடும். அடுத்த நாள் காலையில் வலிக்கப்போவது நீங்கள் நினைத்த இடமல்ல. இடுப்பு மடிப்பும் உள்தொடையும்தான். ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கியதும், பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துவைத்ததும் அவைதான்.

பனி இல்லாத ராலியில் எப்படிப் பயிற்சி செய்வது? மணல். கடற்கரையில் அலை நனைக்காத தளர்ந்த மணலில் ஒரு மணி நேரம் ஓடிப் பாருங்கள், பின்காலால் தள்ளினால் பயனில்லை என்பதைப் பனிக்கு முன்பே மணல் சொல்லிக்கொடுத்துவிடும். மெரினா மணலில் ஓடிப் பழகியவர்களுக்கு இது புதிதே இல்லை. அதைவிட முக்கியமானது ராலியின் குளிர்கால மழை. 3, 4 டிகிரியில் நாள் முழுக்கத் தூறும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் போர்வைக்குள் இருப்பார்கள். நீங்கள் பந்தயத்துக்கு எடுத்துப்போகும் அதே பை, அதே கையுறை, அதே சாப்பாட்டோடு அம்ஸ்டெட் பூங்காவுக்குப் போய் நாலு மணி நேரம் ஓடுங்கள். மூன்றாவது மணியில் வேண்டுமென்றே அரை மணி நேரம் நடங்கள். எது போதவில்லை என்பது அப்போது தெரியும். அங்கே கார் பக்கத்தில் இருக்கும், மலையில் இருக்காது.

கடைசியாக, திரும்புவது பற்றி. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்றில் 172 பேர் கிளம்பினார்கள். மதியம் உயரமான இடத்தில் ஆலங்கட்டியும் உறைமழையும் பெருங்காற்றும் வந்தன. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் லியாங் ஜிங் அந்த நாட்டின் தலைசிறந்த அல்ட்ரா, அதாவது மாரத்தானைவிட நீண்ட தூர ஓட்டக்காரர்களில் ஒருவர். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அங்கே கட்டாயச் சாமானாக இருக்கவில்லை, பலர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். ஆடு மேய்க்கும் ஒருவர் தன் குகையில் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். அது பனிக்காலம்கூட இல்லை, மே மாதம். ஈரமும் காற்றும் சேர்ந்தால் வெப்பமானி சுழியத்துக்குக் கீழே போகக்கூட வேண்டியதில்லை.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. அதை நீங்களே உணர மாட்டீர்கள், ஏனென்றால் முதலில் மங்குவது உணரும் புத்திதான். ஆகவே வெளியே தெரியும் அறிகுறிகளை வைத்துக்கொள்ளுங்கள்: நாக்கு குழறுவது, கை சின்ன வேலைக்கு மறுப்பது, தட்டையான இடத்தில் தடுக்குவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது. என் சோதனை, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுவது. முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே உலர்ந்த உடையைப் போட்டு, இனிப்பு எதையாவது விழுங்கிவிட்டு, கீழ்நோக்கி நடக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு நிற்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு கையை விரித்துவிட்டது என்று பொருள், உடனே ஆள் கூப்பிடுங்கள். வெளுத்து மரத்துப்போன விரலைப் பனியால் தேய்ப்பது பாட்டி வைத்தியத்திலும் சேராத மடமை. அக்குளில் வைத்து மூடிக்கொண்டால் போதும்.

இந்த ஓட்டத்தில் ஒரு வசதி உண்டு. பார்க்வேதான் முடிவெடுக்கும் இடம், அங்கே ஆட்கள் இருப்பார்கள், திரும்பினாலும் ஒரு மாரத்தான் ஓடிய கணக்கு. அங்கே வந்து சேரும்போது கை வேலை செய்கிறதா, முதுகு உலர்ந்திருக்கிறதா, நேர எல்லைக்குள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் அங்கேயே திரும்புங்கள். உச்சி மூடப்பட்டிருக்கிறது என்று அமைப்பாளர்களே சொல்லிவிட்டால் வாதாடாதீர்கள், அவர்களுக்கு மேலே என்ன காற்று என்று தெரியும்.

முடித்ததும் ஐந்து நிமிடத்துக்குள் ஈர உடையைக் கழற்றிவிடுங்கள். லேஸ் முடிச்சு உறைந்து அவிழாது, காரில் ஒரு கத்தரிக்கோல் வைத்திருங்கள். அன்றைக்கே ராலிக்குக் காரை ஓட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். மூன்றரை மணி நேரப் பயணம், வண்டியில் ஹீட்டர் சூடு ஏறியதும் கண் சொக்கும், பிரேக்கை மிதிக்க வேண்டிய காலில் தசை இழுக்கும். பிளாக் மவுண்டனிலேயே ஓர் அறை எடுத்துவிடுங்கள், பந்தய நாளுக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் இப்போதே.